சல்லடைக்குத் தப்பிய பற்கள்

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் வேலை பார்த்தவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள், அவளுக்குப் பல் எடுப்பாக இருக்கும்போல என்று நினைத்து, பேசும்போது வாயையே பார்ப்பார்கள். அவள் பல் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தது. அவள் பார்த்த வேலைதான் பல். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் செத்துப்போன எலி, முயல், மூஞ்சூறு இவற்றின் பற்களை மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்கிற வேலை.

அதற்கு முன்னால் அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பிசிறு பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்து வரும் சட்டையில் எங்கே நூல் நீண்டிருக்கிறது, எந்தப் பொத்தான் துளையில் தையல் விட்டிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அருங்காட்சியகத்தில் பெருக்கித் துடைக்க ஆள் கேட்டார்கள். போனாள். மூன்றாம் வாரம் அடித்தளத்தைப் பெருக்கும்போது, முறத்தில் விழுந்த தூசிக்குள் எள்ளளவில் ஏதோ பளபளத்தது. விரல் நுனியில் ஒட்டி எடுத்துக்கொண்டு நேராக இயக்குநரின் மேசைக்குப் போனாள்.

“சார், இது குப்பையா?”

இயக்குநர் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, வெறுங்கண்ணால் இதைக் கண்டுபிடித்தவளை நிமிர்ந்து பார்த்தார். அது ஓர் எலியின் கடைவாய்ப்பல். படித்துவிட்டு வந்து சலிப்போடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் முந்தின நாள் கோட்டைவிட்டது. மறுநாளிலிருந்து அவளுக்கும் ஒரு நுண்ணோக்கி. ஆனால் பதிவேட்டில் அவள் துப்புரவுப் பணியாளராகவே இருந்தாள். காலையில் ஒரு மணி நேரம் துடைப்பம், மீதி நேரம் தூரிகை.

நகரத்துக்கு வெளியே ஒரு செங்கல் சூளைக்காகத் தோண்டிய குழியில்தான் அந்தப் பற்கள் கிடைத்தன. இளம் வயதில் அந்தக் குழியைக் கண்டுபிடித்தவர் இயக்குநர். குழியில் இரண்டு அடுக்குகள். கீழே கறுத்த களிமண், மேலே மஞ்சள் வண்டல். அடுக்குவாரியாக மூட்டை கட்டி, சீட்டு ஒட்டி, அடித்தளத்தில் அடுக்கியிருந்தார்கள். மண்ணை ஊறவைத்து, சல்லடையில் ஊற்றி அலசி, தங்கியதைக் காயவைத்து, கறுப்புத் தட்டில் ஒரு கரண்டி பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். பல் தெரிந்தால் தூரிகை நுனியை ஈரப்படுத்தித் தொட்டு எடுக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். தும்மல் வந்தால் பல்லக்கா எழுந்து வாசலுக்கு ஓடுவாள்.

யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படங்களையும், இழுப்பறைகளில் பெயரெழுதி வைத்திருந்த பற்களையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, நான்கைந்து ஆண்டுகளில் அவளே கற்றுக்கொண்டாள். புல் தின்கிற பிராணிக்குப் பல் உயரமாக இருக்கும். புல்லோடு மண்ணும் மணலும் வாய்க்குள் போய்த் தேய்த்துக்கொண்டே இருக்குமல்லவா? இலையும் பழமும் தின்கிறவற்றுக்கு அந்தக் கவலை இல்லை, பல் குட்டையாக, மேடு பள்ளமாக இருக்கும். ஆக, பல்லைப் பார்த்தால் தீனி தெரியும். தீனி தெரிந்தால் அங்கே என்ன முளைத்தது என்று தெரியும். முளைத்தது தெரிந்தால் மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு என்பதுவரை போகலாம்.

வீட்டில் கணவனிடம் அவள் இன்னும் எளிதாகச் சொன்னாள். “குதிரை ஊர்சுத்திங்க. எங்கயோ மேஞ்சிட்டு எங்கயோ செத்துப் போகும். எலி அப்படியில்ல. பொறந்த இடத்துலயே சாகும். அந்த இடத்தப்பத்தி எலி சொன்னாத்தான் நம்பலாம்.”

அவன் லிப்ட் பழுதுபார்ப்பவன். “நான் மாடி மாடியா ஏறி இறங்கறேன். அப்ப என் பல்ல வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லு” என்றான்.

இப்படிப் பதினோரு ஆண்டுகள் ஓடின. பொறுக்கிய பற்களில் முயல், பெருச்சாளி, புல்வெளி எலி இவைதான் அதிகம். பெரிய எலும்புகளில் குதிரையும் மானும். இந்த இடம் ஆதியிலிருந்தே மழை குறைந்த, மரமில்லாத புல்வெளி என்று இயக்குநர் கட்டுரை கட்டுரையாக எழுதினார். அதை வைத்து ஒரு புதிய கூடமும் தயாராகிக்கொண்டிருந்தது. முப்பதடிச் சுவர் முழுக்கப் புல்வெளி ஓவியம்.

ஒரு நாள் பல்லக்கா சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு மில்லிமீட்டர் ஓட்டைச் சல்லடை. கம்பிகளுக்கு நடுவே ஏதோ சிக்கிக்கொண்டு வர மறுத்தது. ஊசியால் நெம்பி எடுத்துப் பார்த்தாள். குட்டையான பல், மேற்பரப்பு முழுக்கக் கசங்கிய துணிபோலச் சுருக்கம். பதினோரு ஆண்டுகளில் அவள் அந்தக் குழி மண்ணில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இழுப்பறைகளையெல்லாம் துழாவி, வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெட்டியில் அதன் ஜோடியைக் கண்டுபிடித்தாள். சின்ன வகைப் பறக்கும் அணில். மரத்துக்கு மரம் தாவிச் சறுக்குகிற பிராணி. மரமே இல்லாத புல்வெளியில் அதற்கு என்ன வேலை?

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. பல் தனியாகக் கிடைத்திருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டாள். ஓட்டையில் சிக்கியல்லவா கிடைத்தது!

“சார், இது சிக்கினது. ஓட்டை வழியா போனது எத்தனையோ? நமக்கு இன்னும் பொடிச் சல்லடை வேணும்” என்றாள் இயக்குநரிடம்.

அவர் பல்லைப் பார்த்தார். “ஒத்தப் பல்ல வச்சு ஒரு காட்ட நட முடியாதும்மா. பதினோரு வருஷக் கணக்கும் இதே சல்லடையில எடுத்தது. இப்ப மாத்தினா பழசோட ஒப்பிடவே முடியாம போயிடும்.”

“பழசே தப்பா இருந்தா?”

அவர் முகம் மாறியது. “பொறுக்கறதுதானே உன் வேலை?”

“ஆமா சார். அதனாலதான் பொறுக்க முடியல.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நல்லதாக முடியவில்லை.

அவள் விடவில்லை. அலசிய தண்ணீர் பின்கட்டில் ஒரு தொட்டியில் போய்த் தேங்கும். பதினோரு ஆண்டுச் சேறும் அங்கேதான் படிந்திருந்தது. கைத்தையல் தெரிந்தவளுக்குச் சல்லடை பெரிய விஷயமா? பொடி நைலான் வலையை வாங்கி, மரச்சட்டத்தில் இழுத்துத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாளி சேற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் அலசினாள். குழாய் அடைத்துக்கொண்டது. கீழ்வீட்டில் இருந்த நாத்தனார் படியேறி வந்து கத்தினாள். “ஊர்ல அவனவன் வீட்ட விட்டு எலிய விரட்டறான். நீ செத்த எலியத் தேடிப் புடிச்சுக் குடிவைக்கிற!”

மூன்று வாரத்தில் சுருக்கம் விழுந்த பல் ஒன்பது, மூஞ்சூற்றுப் பல் இருபதுக்கு மேல். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

இயக்குநர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. பிறகு, “எந்த அடுக்குலேர்ந்து வந்தது?” என்று கேட்டார்.

“பின்கட்டுத் தொட்டிச் சேத்துலேர்ந்து சார்.”

“பதினோரு வருஷ மண்ணும் ஒண்ணாக் கலந்த சேறு. மத்த குழி மண்ணயும் அங்கதான் அலசினோம். இதுல எது எங்க இருந்ததுன்னு எப்படிச் சொல்லுவே? சீட்டு இல்லாத பல்லு, விலாசம் இல்லாத கடுதாசி.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. அன்று வீட்டுக்கு வந்து கணவனிடம், “அந்த மனுஷன் சொன்னது நியாயம்தாங்க” என்றாள். அவன், “அப்ப விட்டுடு” என்றான்.

“சேத்த விட்டுடறேன். கேள்விய எப்படி விடறது?”

வழி ஒன்றுதான் இருந்தது. பத்து மூட்டைக்கு ஒரு மூட்டையைத் திறக்காமல், முத்திரை போட்டுப் பாதுகாப்பறையில் வைப்பது அங்கே வழக்கம். பிற்காலத்தில் யாராவது சந்தேகப்பட்டால் சரிபார்க்க. அவற்றுக்குச் சீட்டு இருக்கிறது, அடுக்கு எழுதியிருக்கிறது. அவற்றில் சிலவற்றைத் திறக்க அனுமதி வேண்டும் என்று தன் கையெழுத்தில் மனு எழுதிக் கொடுத்தாள். குழியை மூடி வீடு கட்டிவிட்டார்கள், இனி ஒரு பிடி மண் கிடைக்காது, ஆகவே முடியாது என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினாள். அதே பதில். மூன்றாவது மனுவுக்குப் பதில் வரவில்லை, உத்தரவு வந்தது. நுண்ணோக்கி வேலை இனி அவளுக்கு இல்லை. முழுநேரமும் துப்புரவு. புதிய கூடம் அவள் பொறுப்பு.

கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான். “வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டியே! யாருக்காக இது? செத்துப்போன அணிலு வந்து உனக்குச் சாட்சி சொல்லப் போகுதா?”

“சொல்லுச்சே. யாரும் காதுல போட்டுக்கல” என்றாள் அவள்.

கூடத்தில் சாரத்தின் மேல் உட்கார்ந்து ஓவியர் புல் வரைந்துகொண்டிருந்தார். எங்கும் மஞ்சள் புல், தூரத்தில் குதிரைக் கூட்டம். பல்லக்கா கீழே சிந்திய வண்ணத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணே, இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு வைங்க. மரம் போடச் சொல்லுவாங்க.”

“யாரு சொல்லுவாங்க?”

“நான்தான்.”

அவர் சிரித்தார். ஆனால் ஏனோ இடது பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார்.

கூடத்தைத் திறப்பதற்கு முன் பார்வையிட்டு ஒப்புதல் தர, வேறொரு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். பற்களையே முப்பது ஆண்டு ஆராய்ந்தவர், தடித்த கண்ணாடி, குறைந்த பேச்சு. இயக்குநர் சுவருக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். அலுவலகமே பின்னால் நின்றது. தூணோரம் துடைப்பத்தோடு பல்லக்கா.

“அப்ப எந்தக் காலத்துலயும் இங்க மரமே இல்லையா?” என்று கேட்டார் அம்மையார்.

“இல்ல மேடம். பதினோரு வருஷம் சலிச்சுப் பார்த்தாச்சு. காட்டுப் பிராணியோட பல்லு ஒண்ணுகூடக் கிடைக்கல.”

“கிடைக்கலன்னு சொல்லாதீங்க சார். பிடிக்கலன்னு சொல்லுங்க.”

எல்லாத் தலையும் தூண் பக்கம் திரும்பியது. இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. “நீ போம்மா, வேலையப் பாரு” என்றார் தணிந்த குரலில்.

“இதுதான் சார் என் வேலை.” பல்லக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டாள். “மேடம், எங்க சல்லடை ரெண்டு மில்லி ஓட்டை. குட்டிப் பிராணியோட பல்லு ஒரு மில்லி, ஒண்ணரை மில்லிதான். புல்வெளிப் பிராணி இங்க பெரிய பல்லு, மாட்டிக்கிச்சு. மரத்துல இருக்கறது சின்னப் பல்லு, தண்ணியோட போயிடுச்சு. நாங்க பார்த்தது அந்தக் காலத்த இல்ல மேடம், எங்க சல்லடைய.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இயக்குநரைப் பார்த்து, “திறக்காத மூட்டை இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

ஆறு மூட்டைகள் வெளியே வந்தன. மேல் அடுக்கில் மூன்று, கீழ் அடுக்கில் மூன்று. நண்பகல் வெயிலில், முற்றத்தில், எல்லோரும் பார்க்க முத்திரை உடைத்தார்கள். பெரிய ஓட்டைச் சல்லடை மேலே, பல்லக்கா தைத்த நைலான் சல்லடை கீழே. அவள் தைத்ததை அம்மையார் நுண்ணோக்கியில் அளவுகோல் வைத்து அளந்தார். அரை மில்லி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பிசகில்லை. இரண்டு சல்லடையிலும் தங்கியதைத் தனித்தனியாகப் பொறுக்கும் பொறுப்பு பல்லக்காவுக்கு வந்தது. எண்ணிச் சரிபார்ப்பது அம்மையார் பொறுப்பு. இயக்குநர் எதிர்நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், ஒரு நாள் தவறாமல்.

முதலில் மேல் அடுக்கு. பெரிய சல்லடையில் பத்தொன்பது பற்கள், பொடிச் சல்லடையில் அறுபத்து நான்கு. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். அத்தனையும் புல்வெளிப் பிராணி. சுண்டெலிபோன்ற பொடிசுகளும்கூட வறண்ட நிலத்து வகைதான். சுருக்கப் பல் ஒன்றுகூட இல்லை. அடித்தளத்தில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. தேநீர் கொடுக்க வந்தவன்கூட அவளைப் பாவமாகப் பார்த்தான். அந்த அறுபத்து நான்கையும் ஒவ்வொன்றாகப் புல்வெளி, புல்வெளி என்று அவளே தன் கையால் எழுதினாள். ஐந்து நாள். இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

ஆறாம் நாள் கீழ் அடுக்கு. பெரிய சல்லடையில் பதினொரு பல், பெரும்பாலும் முயல். பொடிச் சல்லடைத் தட்டை நுண்ணோக்கியின் கீழ் தள்ளினாள். முதல் பார்வையிலேயே இரண்டு சுருக்கப் பல், பக்கத்துப் பக்கத்தில்.

அவள் கத்தவில்லை. “மேடம், கொஞ்சம் பாருங்க” என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். அம்மையார் பார்த்துவிட்டு, “சார், நீங்களும் வாங்க” என்றார். இயக்குநர் குனிந்து பார்த்தார். தட்டைத் தானே நகர்த்தி மறுபடி பார்த்தார்.

கீழ் அடுக்கில் மொத்தம் நூற்று எழுபத்து மூன்று பற்கள் பொடிச் சல்லடையில் கிடைத்தன. அதில் எழுபத்தொன்று மரத்தில் வாழ்பவை. ஈரமில்லாத இடத்தில் தங்காத ஒரு வகை மூஞ்சூறு முப்பத்தெட்டு. ஆக, கறுப்புக் களிமண் படிந்த காலத்தில் அங்கே அடர்ந்த மரங்களும் ஓயாத ஈரமும் இருந்திருக்கின்றன. பிறகு மழை குறைந்து, மரம் செத்து, புல் பிடித்திருக்கிறது. இயக்குநரின் புல்வெளி பொய்யில்லை, அது பிற்பாதி. முற்பாதி முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டிருந்தது.

“பாதி நான் சொன்னதுதான்” என்றார் இயக்குநர், கடைசி நாள்.

“ஆமா சார். மீதிப் பாதிய நான் மூணு தடவ எழுதிக் கொடுத்தேன்.”

கூடம் திறப்பது தள்ளிப்போனது. ஓவியர் இடது பக்கத்தில் காடு வரைந்தார், போதாமல் குதிரைகள் சிலவற்றையும் அழித்தார்.

கட்டுரை எழுதும்போது அடுத்த சண்டை. எழுதியவர்கள் என்று இயக்குநர், அம்மையார் பெயர்கள். கடைசிப் பக்கத்தில், ‘பற்களைச் சேகரிப்பதில் உதவிய பணியாளருக்கு நன்றி’ என்று ஒரு வரி. படித்துக் காட்டினார் இயக்குநர். அது பெரிய மரியாதை என்றே அவர் நம்பினார்.

“நன்றி வேணாம் சார். பேரு போடுங்க. மேல, உங்களோட.”

“அதுக்குப் பட்டம் வேணும்மா. வழக்கம் அப்படி.”

“எந்தப் பட்டம் அந்தப் பல்லக் கண்டுபிடிச்சது?” அவள் மேசையைவிட்டு நகரவில்லை. “என் பேரு இல்லன்னா, நான் எழுதின பட்டியலயும் எடுத்துடுங்க. இருநூத்து அறுபத்தேழு வரி. நீங்க வேற ஆள வச்சுத் திருப்பி எழுதிக்குங்க.”

இயக்குநர் அம்மையாருக்குத் தொலைபேசினார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அவர் இரண்டு தடவை “சரி” என்றார், பேனாவை எடுத்து மூன்றாவதாக அவள் பெயரை எழுதினார். எழுத்துப் பிழையோடு. அவள் அதையும் திருத்த வைத்தாள்.

பதவி மாற அதைவிட நாளானது. அலுவலகத்தில் அப்படியொரு பதவியே இல்லை என்றார்கள். அவள் துடைப்பத்தைக் கொண்டுபோய் அலுவலக மேசைமேல் வைத்து, “ரெண்டுல ஒண்ணுதான் இனிமே என் கையில இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடித்தளத்துக்கு இறங்கினாள். நான்கு மாதம் அவள் எந்தப் பதவியிலும் இல்லாமலே நுண்ணோக்கியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் எழுப்பவில்லை. ஐந்தாவது மாதம், நுண்புதைபடிவப் பிரிவு உதவியாளர் என்று ஒரு தாள் வந்தது. கணவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பழுதுபார்க்கப் போன கட்டடங்களில் எல்லாம் காட்டினான். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக்கூடக் கதவிடுக்கு வழியாகச் சொன்னானாம்.

கட்டுரை வெளியான மறுஆண்டு, தூர தேசத்து அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அவள் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. கட்டுரையிலுள்ள படங்களில் பறக்கும் அணில் என்று குறித்தவற்றில் மூன்று பற்கள் சாதாரண அணிலுடையவை, அடையாளம் தெரிந்தவர்களிடம் காட்டியிருக்க வேண்டும் என்று கொஞ்சம் ஏளனமாகவே எழுதியிருந்தது. இயக்குநர், “பதில் நான் எழுதட்டுமா?” என்று கேட்டார்.

“என் பேருக்குத்தானே வந்திருக்கு சார்.”

மூன்று பற்களையும் எடுத்து வைத்து இரண்டு நாள் பார்த்தாள். இழுப்பறையிலிருந்த ஒவ்வோர் அணிலோடும் ஒப்பிட்டாள். ஒரு பல்லில் சுருக்கம் என்று அவள் நினைத்தது தேய்மானத்தின் கீறல். அந்த இடத்தில் அவள் தவறியிருந்தாள். மனசுக்குக் கசப்பாக இருந்தது, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பட்டியலில் அந்த வரியை அடித்துத் திருத்தினாள். மற்ற இரண்டையும் மறுபடி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தாளை எடுத்து, மொழிபெயர்க்கிறவருக்குச் சிரமம் வைக்காமல் சுருக்கமாக எழுதினாள்.

‘ஒரு பல்லில் நீங்கள் சொன்னது சரி. திருத்திவிட்டேன். மற்ற இரண்டில் நீங்கள் சொன்னது தவறு. படத்தை வைத்துப் பேச வேண்டாம், பற்கள் என்னிடம் இருக்கின்றன. வந்து பாருங்கள்.’